கேரம் மன்றத்து ஏலக்கார அக்கா

பேச ஆளில்லாத இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போலப் பேஜாரான வேலை உலகத்திலேயே கிடையாது. அந்த வேலையை நான் பல வருடம் பார்த்தேன். வடசென்னை கேரம் ஆட்டக்காரர்களுக்காக இணையத்தில் ஒரு விவாத மன்றம். பெயர் ‘ரெட்டும் ஃபாலோவும்’. சிவப்புக் காயைப் போட்டால் அடுத்த அடியிலேயே நம்முடைய காய் ஒன்றையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தம்தான். என்ன செய்வது, கேரம் ஆடாதவர்களும் இருக்கிறார்களே.

வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போது இது எதற்கு என்று என்னைக் கேட்காத ஆளில்லை. குரூப்பில் என்ன நடக்கும்? காலையில் ரோஜாப்பூ வரும். நடுவில் ஒருவன் பிளாட் விற்பான். அருமையான சண்டை ஒன்று சூடு பிடிக்கும்போது எவனாவது தன் மகளின் பரதநாட்டிய வீடியோவைத் தூக்கிப் போடுவான், சண்டை செத்தது. மன்றத்தில் அப்படியில்லை. ஒரு தலைப்பில் ஆரம்பித்த சண்டை அந்தத் தலைப்பிலேயே கிடக்கும். போன வருடம் விட்ட இடத்திலிருந்து இந்த வருடம் வந்து திட்டலாம். இந்த வசதியின் அருமை நம் ஆட்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் சாவியோ, ராயபுரம். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், உள்ளே வரும் வண்டிகளையும் வெளியே போகும் வண்டிகளையும் கணினியில் ஏற்றுகிற வேலை. மன்றத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் பெயர் பதிந்திருந்தார்கள். பேசியது இரண்டே பேர். ஒருவர் டெரிக் அங்கிள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேரம் விதிகளை ஜெபம் மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பவர். இன்னொருவன் அறிவு. வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறவன், ஆட்டத்தைவிட வாய் வேகம். கொஞ்ச நாளில் அவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். எனக்கு வெறுத்துப்போனது. ‘இந்த மாதத்தோடு மன்றத்தை மூடுகிறேன்’ என்று எழுதிப் போட்டேன். ஒருத்தனாவது ‘ஐயோ, வேண்டாம்’ என்று கதறுவான் என்று நினைத்தேன். டெரிக் அங்கிள் மட்டும் வந்தார். ‘மாதத்தோடு என்றால் எந்தத் தேதி?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் யார்டு கேட்டில் என்னைத் தேடி ஒரு அம்மா வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். போய்ப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றிருந்தார். பையிலிருந்து மீன் வாடை.

“நீதான் அந்தக் கேரம்போர்டு கம்ப்யூட்டருக்கு ஓனரா?”

“ஆமாக்கா. நீங்க?”

“அங்கம்மா. காசிமேட்டுல மீன் ஏலம் வுடறேன். இன்னாத்துக்கு நைனா அத்த மூடற?”

“யாரும் பேசறதில்லக்கா.”

“பேசலன்னா பேச வையி. நான் கூடைய முன்னாடி வச்சிகினு நின்னா எவ பேசறா? அத்தினி பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிகினுதான் நிப்பாளுங்க. அதுக்குன்னு நான் கூடையக் கவுத்துட்டு வூட்டுக்குப் பூடறேனா?”

அந்தக் குரலுக்கு வாட்ச்மேன் எழுந்தே நின்றுவிட்டார். “நீங்க கேரம் ஆடுவீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“நானா? அந்தக் கட்டையப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும்.”

அப்புறம் எதற்கு இந்தக் கோபம் என்று கேட்பதற்குள் தன் ஃபோனை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். எங்கள் மன்றம்தான். பக்கத்தின் அடியில் ‘இப்போது மன்றத்தில் இருப்பவர்கள்’ என்று ஒரு வரி வரும், இருக்கிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். நான் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது: ரவிக்குமார்.

“என் தம்பி” என்றார். “தோஹாவுல கப்பல் ரிப்பேர் பண்ற எடத்துல வெல்டரு. என்னாண்ட பேசி ரெண்டு வருசம் ஆச்சி. ஃபோன் அட்ச்சா எடுக்க மாட்டான். எங்க வூட்டுக்காரராண்ட மட்டும் ரெண்டு வார்த்த பேசுவான். அவருதான் சொன்னாரு, இதுல வந்து படிப்பான்னு. சாப்பாட்டு நேரத்துக்கு இங்க வந்து குந்துவான். பச்ச எரியும். அத்தப் பாத்துட்டுதான் நான் துன்னப் போவேன். நீ பாட்டுக்கு மூடிட்டின்னா அவன நான் எங்க போய்ப் பாக்கறது?”

பையை என் கையில் திணித்தார். உள்ளே சங்கரா மீன். லஞ்சமாம்.

அக்கா தம்பிக்குள் என்ன தகராறு என்பதை அறிவுதான் அன்று சாயங்காலம் சொன்னான். அவனே அதற்குக் கண்கண்ட சாட்சி. தாய் தகப்பன் இல்லாத தம்பியை அக்காதான் வளர்த்தார். பையன் கேரமில் புலி. விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைக்கும் என்று அலைந்துகொண்டிருந்தான். அக்கா அதற்குள் ஏஜென்ட்டைப் பிடித்து தோஹாவுக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டார். பாஸ்போர்ட்டோடு ஏஜென்ட் காத்திருக்கிறான், இவன் தன்னுடைய திருவொற்றியூர் கிளப்பில் ஃபைனல் ஆடிக்கொண்டிருக்கிறான். எதிரே உட்கார்ந்திருந்தது நம்ம அறிவு.

“மாமு, அவன் ஜெயிக்க இன்னும் ஒரே காய்தான் கீது” என்றான் அறிவு. “அந்தம்மா மீன் கூடையோட உள்ள வந்துச்சி. ‘இது சோறு போடுமாடா’ன்னு ஒரு சத்தம். போர்டுல இருந்த காய் அத்தினியையும் அள்ளிக் கூடைல போட்டுகினு பூட்ச்சி. கிளப்பே சிரிச்சிட்ச்சி. நானும் சிரிச்சேன்னு வையேன். ரவி மட்டும் சிரிக்கல. அதோட பேச்சு போச்சு.”

கேட்கும்போது எனக்கு அக்காமேல் ஆத்திரம்தான் வந்தது. ஆடுகிற போர்டில் கை வைப்பதா? ஆனால் சங்கராவைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாகிவிட்டதே. மன்றத்தை மூடவில்லை என்று அறிவித்தேன். ‘என்னாண்ட குடு, பேச வச்சிக் காட்றேன்’ என்று அக்கா சவால் விட்டிருந்ததால் அவரை அவர் பெயரிலேயே நெறியாளர் ஆக்கினேன். கேரமே தெரியாத ஆளிடம் கேரம் மன்றம்! ரெஜினா, அதாவது என் மனைவி, “உருப்பட்ட மாதிரிதான்” என்றாள்.

அக்காவின் முதல் பதிவு இது: ‘ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டுல வுயுந்தா நமக்கு இன்னொரு சான்ஸ் குடுப்பாங்க. அதனால தெகிரியமா போடலாம்.’

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவமானமாக இருந்தது. அடிக்கிற ஸ்ட்ரைக்கரே குழிக்குள் விழுந்தால் ஃபைன். போட்ட காய் ஒன்றை எடுத்து நடுவில் வைக்க வேண்டும், ஆட்டமும் கைமாறிவிடும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அழித்துவிடலாம் என்று போனால், அதற்குள் டெரிக் அங்கிள் விதி எண்ணோடு வந்து நிற்கிறார். அறிவு தலையில் அடித்துக்கொள்கிறான். வருடக்கணக்கில் வாய் திறக்காத ஒரு எண்ணூர்க்காரர் ‘யாருப்பா இது, கேரமா கோலியா?’ என்கிறார். இன்னொருவர் தன் கிளப்பில் ஃபைனுக்கு வேறு கணக்கு என்கிறார். அதெப்படி வேறு கணக்கு என்று அவரை நான்கு பேர் பிடித்துக்கொள்கிறார்கள். ராத்திரி படுக்கும்போது பார்த்தால் அந்த வருடம் முழுக்க வராத பதில்கள் ஒரே நாளில் வந்திருந்தன.

ஃபோன் செய்து, “தெரிஞ்சேதான் தப்பா போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“பின்ன? தொழிலே அதுதான நைனா. கூடைல நல்ல வஞ்சிரம் கீது. ‘இன்னா வெல சொல்றீங்க’ன்னு கேட்டா ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா. அதே நான் ‘வஞ்சிரம் நூறு ரூவா, நூறு ரூவா’ன்னு கத்தினேன்னு வையி, ‘யக்கா, இன்னா லூசாயிட்டியா, நூறு ரூவாய்க்கு வஞ்சிரமா’ன்னு ஒருத்தி கேப்பா. தொறந்துட்டா இல்ல? அப்பால மூட வுட மாட்டேன்.”

அதன்பிறகு அக்கா ஏலத்தளத்தில் செய்கிற அத்தனையையும் மன்றத்தில் செய்தார். பொதுவாக ‘எல்லாரும் கருத்துச் சொல்லுங்கள்’ என்று நான் வருடக்கணக்கில் கெஞ்சியிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை. அக்கா கூட்டத்தைக் கூப்பிடவே மாட்டார், ஆளைக் கூப்பிடுவார். ‘இன்னா திருமலை சாரு, மூலைல நின்னுகினு வேடிக்க பாக்கற? ஒங்க கிளப்புல மழைக்கு போர்டு நமுத்துப் போச்சாமே, இன்னா பண்ணீங்கோ?’ திருமலை என்பவர் மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு எழுத்து எழுதியதில்லை. அவர் அன்றைக்கு நமுத்த போர்டைக் காயவைப்பது பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். போர்டு நமுத்தது எப்படித் தெரியும் என்று அக்காவைக் கேட்டால், “மழ பேஞ்சா எல்லா எடமும் நமுக்கத்தான செய்யும்” என்றார்.

வாக்குவாதம் ஓய்கிற நேரம் வந்தால் விட்டுவிட மாட்டார். ‘ஒரு தரம்’ என்று போடுவார். கொஞ்ச நேரம் கழித்து ‘ரெண்டு தரம்’. மூன்றாவது தரம் போட்டால் அந்தத் தலைப்பைப் பூட்டிவிடுவார், கடைசியாகப் பேசினவன் சொன்னதே தீர்ப்பு. அடேயப்பா! தனக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடுமோ என்று பயந்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கிறவனெல்லாம் ஒற்றைக் கையால் பதில் அடிப்பான். டெரிக் அங்கிள் மாதா கோயில் பூசையின் நடுவில் ஃபோனைத் தட்டி, மனைவியிடம் குத்து வாங்கியதெல்லாம் ராயபுரத்துக்கே தெரியும். சண்டை முற்றி அம்மா அக்காவை இழுக்கிற கட்டத்துக்குப் போனால் மட்டும் அக்கா பொறுக்க மாட்டார். ‘இங்க மீன் நாறலாம், வாய் நாறக் கூடாது. கெளம்பு’ என்று ஒரு வாரத்துக்கு வெளியே அனுப்பிவிடுவார். அனுப்பப்பட்டவன் என்னிடம் வந்து அழுவான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எல்லாரையும் பேர் சொல்லி இழுக்கிற அக்கா, ரவிக்குமாரை மட்டும் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று கேட்டேன்.

“மத்தவன் வாங்க வந்து கூச்சப்பட்டுகினு நிக்கறவன் நைனா, கூப்ட்டா வருவான். இவன் கோச்சிகினு நிக்கறவன். கூப்ட்டா எகிறிப் பூடுவான். வேணாம். வந்து படிச்சிட்டுப் போவட்டும்.”

சொன்னாரே தவிர, ஆசை விடுமா? ஒருநாள் ‘திருவொற்றியூர் பசங்க எல்லாம் சுமாரா ஆடுவானுங்க, வியாசர்பாடிகாரன் முன்னாடி நிக்க முடியாது’ என்று போட்டார். அறிவு ஆடிப்பாடினான். திருவொற்றியூரே திரண்டு வந்து திட்டியது. மத்தியானம் பச்சைப் புள்ளி எரிந்தது. சற்று நேரத்தில் அந்தத் தலைப்பின் கீழே ‘ரவிக்குமார் எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று வந்தது. நான் யார்டுக்குள் வருகிற வண்டிகளை நிறுத்திவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும். எழுதிக்கொண்டே இருந்தான். அப்புறம் அந்த வரி மறைந்தது. பதிலும் இல்லை, பச்சையும் இல்லை. அடுத்த நிமிடம் அக்கா ஃபோன் செய்தார். “வாய் வரைக்கும் வந்துட்டு முழுங்கிட்டான் நைனா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்தக் குரலை அவ்வளவு மெதுவாக நான் அதுவரை கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போது அக்காவின் ஃபோன் ஐஸ் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. மீனும் உப்புத் தண்ணீரும் உருகின ஐஸும் கலந்த பெட்டி. எடுத்தபோது ஃபோன் உயிரோடு இல்லை. யாருடைய ஃபோனிலிருந்தோ என்னைக் கூப்பிட்டு, “ரிப்பேருக்குக் குடுத்துகீறேன். எங்க வூட்டுக்காரரும் போட்டுல ஆழ்கடலுக்குப் பூட்டாரு, வர பத்து நாளாவும். நீ பாத்துக்க. எவனையும் சும்மா வுடாத” என்றார்.

நானும் பார்த்துக்கொண்டேன். அக்காவைப் போலவே ஒரு தப்பைப் போட்டால் ஆயிற்று என்று, ‘பவுடர் போடாத போர்டில்தான் காய் நன்றாக ஓடும்’ என்று எழுதினேன். ‘சாவியோ அண்ணே, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், ‘வேலையா இருக்கேன்’ என்றார்கள். ஒரு தரம், ரெண்டு தரம் என்றேன். மூன்று தரமும் நானே போட்டு நானே பூட்டினேன். அக்கா எங்கே, அக்கா எங்கே என்று கேட்டார்கள். ஃபோன் கெட்டுவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என்னால் முடியாதா என்ற வீம்பு. நான்கைந்து நாளில் மன்றம் பழையபடி ஈ ஓட்ட ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை காலை. எனக்கு மத்தியான ஷிஃப்ட். இட்லியைப் பிட்டுக்கொண்டே ஃபோனைத் திறந்தால் மன்றம் கொதித்துக்கொண்டிருக்கிறது. புதுத் தலைப்பு. ஆரம்பித்தவர்: ரவிக்குமார்.

‘ரெட்டைப் போட்டா ஃபாலோ போடணும்னு அவசியம் இல்ல. சும்மா வுட்டாலும் ரெட் நமக்குத்தான்.’

இட்லி விக்கிக்கொண்டது. எங்கள் மன்றத்தின் பெயரே ரெட்டும் ஃபாலோவும்! அதில் வந்து, அதுவும் ரவிக்குமார், இப்படி எழுதினால்? டெரிக் அங்கிள் விதியை மூன்று முறை ஒட்டியிருந்தார், கடைசி முறை தடித்த எழுத்தில். ‘மாமு, தோஹா வெயில்ல மூள உருகிட்ச்சா?’ என்று அறிவு கேட்டிருந்தான். திருவொற்றியூர் பையன்கள் மானம் போய்விட்டது என்று புலம்பினார்கள். ரவிக்குமார் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஆனால் பச்சை மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடினேன். ஃபைபர் படகுகள் கரைக்கு வருகிற நேரம். கூடைகளைச் சுற்றிப் பெண்கள் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் அக்கா சங்கராக் கூடை ஒன்றை விலை ஏற்றிக்கொண்டிருக்கிறார். முட்டி மோதி உள்ளே போய் ஃபோனை நீட்டினேன்.

“இன்னா நைனா, வேல நேரத்துல வந்து பேஜார் பண்ற?”

“முதல்ல படிங்கக்கா.”

அக்கா எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். கூட்டத்தில் ஒருத்தி விலை கேட்டாள், இன்னொருத்தி அதற்கு மேல் கேட்டாள். அக்கா காதில் எதுவும் ஏறவில்லை. ஏலத்தை நடுவில் நிறுத்தி அங்கம்மாவை அந்தத் துறைமுகம் பார்த்ததில்லை.

“இவனுக்கா தெர்யாது?” என்றார். “எட்டு வயசுலயே இத்தச் சொல்லிச் சொல்லி என் உயிர எடுத்தவனாச்சே…” மறுபடியும் படித்தார். திடீரென்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “நைனா, இவன் தப்பா வெல சொல்றான்டா. எனக்குச் சொல்றான். என்னிய வாயத் தொறக்க வக்கறான்டா!”

நேராக என்னிடம் கேட்டிருக்கலாம், அக்கா எங்கே என்று. கேட்க மாட்டான். அந்தக் குடும்பத்து ரோஷம் அப்படி.

அக்கா பெயரில் என் ஃபோனிலேயே உள்ளே போனோம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘டேய் ரவி, ஃபாலோ போடலன்னா ரெட்ட எடுத்து நடுவுல வக்கணும்டா. இத்தினி வருசம் இன்னாத்தடா ஆடின?’

அனுப்பி மூச்சு விடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

‘தெரியும்க்கா. எங்க போன நீ? ஃபோன் அட்ச்சா சுவிட்ச் ஆஃப்னு வருது. மாமாவும் எடுக்கல. உனக்கு ஒண்ணும் இல்லையே?’

அங்கம்மா அழுதார். அத்தனை பெண்களுக்கும் நடுவில், கூடைக்கு முன்னால் நின்று, வெட்கமில்லாமல் அழுதார். என் கண்ணிலும் தண்ணீர். உடனே மன்றத்திலேயே என் நம்பரை அடித்துப் போட்டேன். ஃபோன் அலறியது. வெளிநாட்டு நம்பர்.

“இந்தா, இந்தக் கூடைய நீ ஏலம் வுடு” என்று என்னை நடுவில் நிறுத்திவிட்டு, ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு அக்கா ஐஸ் லாரிக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கு சங்கரா தின்னத் தெரியும், விற்கத் தெரியுமா? வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னேன். “யாருடி இவன், நம்ம வயித்துல அடிக்க வந்தவன்” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். “இந்த வெலக்கி வித்தா என் போட்ட யாரு ஓட்றது” என்று படகுக்காரர் தலையில் கை வைத்தார். ஆளாளுக்குப் பேச, கடைசியில் அவர்களே ஒரு விலையைப் பேசி முடித்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அக்கா திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. என் ஃபோனில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துக் கிடந்தது.

“இன்னாக்கா சொன்னான்?”

“எல்லாம் கேரம்போர்டுதான் நைனா. அங்க ரூம்ல போர்டு வாங்கி வச்சிகீறாங்களாம். எவனோ நேபாள்காரன ஜெயிச்சானாம். மொத காய எப்டி வெட்டினான், ரெண்டாவது எங்க போச்சி, கட்டைல மோத வுட்டு எப்டி திருப்பி அட்ச்சான், ஒண்ணொண்ணா சொல்லிகினே போறான். பாதிக்கு மேல எனக்கு ஒரு எழவும் பிரியல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தில் மீன் செதில் ஒட்டிக்கொண்டது. அப்போது அந்த முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

“கடைசி காய் வரைக்கும் கேட்டேன் நைனா” என்றார். “நடுவுல ஒரு வாட்டி கூட போதும்னு சொல்லல.”